இடது பின்பக்கம்

சுஹேல் பாயின் முதுகுவலிக்கு நான் நான்கு மாதம் ஸ்பிரிங் மாற்றிக்கொண்டிருந்தேன். வேறு யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். சொல்கிறவன் நானே என்பதால் யார் சட்டையைப் பிடிப்பது என்று தெரியவில்லை.

ஆம்பூர் பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் என் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. இன்ஜின் வேலை எடுப்பதில்லை, பெயின்ட் எடுப்பதில்லை. வண்டி குதிக்கிறது, ஒரு பக்கம் இழுக்கிறது, சாய்கிறது என்று வருகிறவர்களுக்கு மட்டும்தான் நான். இந்தத் தொழிலில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. குறை சொல்லி வண்டியைக் கொண்டுவருகிறவரிடம், "உங்களுக்குத்தான் அப்படித் தெரியுது, வண்டி நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லி அனுப்ப மாட்டேன். அப்படிச் சொல்கிற மெக்கானிக்குகளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சோம்பேறிகள். ஓட்டுகிறவர் குறை இருக்கிறது என்றால் இருக்கிறது, தேடிக் கண்டுபிடிப்பது என் வேலை. இந்தக் கர்வம் எனக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது. அவரை இதுதான் கெடுத்தது.

சுஹேல் அகமது ஊரில் தோல் பதனிடும் டேனரி வைத்திருப்பவர், ஐம்பத்தாறு வயது. தோலைக் கையில் எடுத்து ஒரு தடவை மடித்து, கட்டைவிரலால் நீவிவிட்டாரென்றால் எது ஷூவுக்குப் போகும், எது கைப்பைக்குப் போகும், எது தள்ளுபடி என்று சொல்லிவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சென்னையில் ஒருவரிடமிருந்து அந்தப் பச்சைக் காரை வாங்கினார். இங்கிலாந்தில் 1967இல் செய்தது. இரண்டே சீட்டு, மேலே துணிக்கூரை. முன்னால் வைத்திருந்தவர் சோழவரத்தில் ரேஸ் ஓட்டியவர். ரேஸுக்காக வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, கெட்டி ஸ்பிரிங் போட்டு, இணைப்புகளில் அதிர்வை வாங்குவதற்கு இருந்த ரப்பர் புஷ்ஷையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு நைலான் மாட்டியிருந்தார். வளைவில் அந்த வண்டி துளிகூடச் சாயாது. ஆனால் ரோட்டில் கிடக்கிற பீடித்துண்டின் மேல் ஏறினாலும் ஓட்டுகிறவருக்குத் தெரியும்.

அக்டோபரில் ஒருநாள் அதை ஓட்டிக்கொண்டு வந்தார். இறங்குவதற்குக் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் எடுத்தார்.

"கௌதம், இதை மெத்துன்னு ஆக்கணும்பா. முதுகு போவுது."

"டாக்டர்ட்ட காட்னீங்களா பாய்?"

"டாக்டர் இன்னா சொல்வான்? இந்த வண்டிய தொடாதேம்பான். அவன் சொன்ன மறுநாளே அக்தரி, வண்டிய வெலைக்கு கேட்டுக்கினு இருக்கானே கோயம்புத்தூர்க்காரன், அவனுக்கு போன் பண்ணி வண்டிய தள்ளி வுட்ருவா. அவ அதுக்குத்தான் காத்துக்கினு இருக்கா. நீ வண்டிய பாரு, முதுகு தன்னால சரியாய்டும்."

நான் சிரித்தேன். அவர் மனைவி அக்தரி பேகத்துக்கு அந்த வண்டி பிடிக்காது என்பது ஊருக்கே தெரியும். டாக்டரிடம் காட்டினீர்களா என்று நான் கேட்டது அந்த ஒரே ஒரு தடவைதான். அதற்குப் பிறகு கேட்கவில்லை.

முதலில் சுலபமான வேலைகளைச் செய்தேன். தட்டையான ரேஸ் டயரைக் கழற்றிவிட்டு உயரமான டயர் போட்டேன், காற்றைக் குறைத்தேன். ஷாக் அப்சார்பரைக் கடைசி வரை இளக்கிவிட்டேன். சர்வீஸ் ரோட்டிலேயே மாதனூர் வரை போய்த் திரும்பி வந்தார்.

"பரவாயில்ல. முன்னாடி நல்லா இருக்குது. இடது பின்னாடிதான் இடிக்குது. இங்க." தன் இடுப்பில் பின்னால் இடது பக்கம் கையை வைத்துக் காட்டினார்.

எவ்வளவு தெளிவாகக் காட்டினார் பாருங்கள். அவர் காட்டிய இடம் அவர் உடம்பில் இருந்தது. நான் குனிந்து வண்டியின் இடது பின்சக்கரத்துக்கு அடியில் டார்ச் அடித்தேன்.

அடுத்தது புஷ். அந்த வண்டிக்கு ரப்பர் புஷ் இங்கே எங்கே கிடைக்கும்? ஷூ கம்பெனிகளுக்கு சோல் அழுத்தித் தருகிற அப்துல் சமத்திடம் போனேன். சோலுக்கு எத்தனை விதமான மென்மையில் ரப்பர் உண்டோ அத்தனையிலும் புஷ் அழுத்திக் கொடுத்தார். கெட்டியிலிருந்து தொடங்கி மெத்தென்பது வரை மூன்று செட் போட்டுப் பார்த்தோம். இடது பின்பக்கத்தை மட்டும் நான்கு தடவை கழற்றினேன். ஒவ்வொரு தடவையும் மாதனூர் போய் வந்து அதே இடத்தில் கை வைத்தார்.

வேறு யாராக இருந்தாலும் எனக்குச் சலித்துப் போயிருக்கும். அவரிடம் எனக்குச் சலிப்பு வரவில்லை, ஏனென்றால் அவரும் என்னைப் போலத்தான். ஒருநாள் டீ குடித்துக்கொண்டே சொன்னார்.

"எங்க டேனரில லாட் கெட்டியா வந்துச்சுன்னா இன்னா பண்றோம்? மறுபடி டிரம்ல போட்டு எண்ணெய் குடுக்குறோம். அப்பவும் கெட்டியா? இன்னொரு வாட்டி. அப்புறம் மெஷின்ல போட்டு அடிச்சு அடிச்சு இளக்குறோம். மெத்துன்னு ஆவாத தோலுன்னு ஒண்ணு கிடையாது கௌதம். வுட்டாத்தான் கெட்டி."

எனக்கு அது ரொம்பப் பிடித்தது. நாம் இரண்டு பேரும் விடமாட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படித்தான் இரண்டு பேரும் விடாமல் நவம்பரையும் டிசம்பரையும் கழித்தோம்.

ஸ்பிரிங்குக்கு வந்தேன். முன்பக்கம் மெலிந்த கம்பியில் புதிய சுருள் சுற்றி வாங்கி வந்தேன். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங், லாரியில் இருக்கிற மாதிரிதான், சின்னது. ரேஸ்காரர் சொருகியிருந்த கூடுதல் பட்டையை உருவிவிட்டேன். பட்டைகள் ஒன்றோடொன்று உரசிப் பிடிக்காமல் இருக்க அந்தக் காலத்தில் இடையில் தோல் வைப்பார்கள் என்று எங்கோ படித்திருந்ததைச் சொன்னேன். பாயின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மறுநாளே டேனரியிலிருந்து எண்ணெயில் ஊறவைத்த எருமைத்தோல் துண்டுகளோடு வந்துவிட்டார். ஒவ்வொரு துண்டையும் தானே மடித்துப் பார்த்து, நீவிப் பார்த்து, இது வேண்டாம், இது ஓகே என்று பிரித்துக் கொடுத்தார். ஒரு முழுப் பகல் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து இரண்டு பேரும் தோல் வெட்டினோம். எழுந்திருக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார். விரல் அழுத்தம் எலும்பு வரை போனது.

அந்த வேலைக்குப் பிறகு வண்டி மிதந்தது. நான் சும்மா சொல்லவில்லை. பிரேக் போட்டால் மூக்கைக் கவிழ்த்தது, வளைவில் ஆடி அசைந்து சாய்ந்தது, ஆனால் ரயில்வே கேட் தண்டவாளத்தின் மேல் போனால்கூட உடம்பில் தெரியவில்லை. ரேஸ் ஓட்டியவர் பார்த்தால் அழுதிருப்பார். சுஹேல் பாய் போய்விட்டுத் திரும்பி வந்து கதவைத் திறக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

"ஜாஸ்தி ஆய்ட்ச்சு கௌதம். இடது பின்னாடி."

வீட்டில் அன்றைக்குக் கோபமாகச் சாப்பிட்டேன். என் மனைவி மேகலா ஷூ கம்பெனியில் தையல் செக்ஷன் சூப்பர்வைசர். அவர்கள் கம்பெனிக்கு பாயின் டேனரியிலிருந்துதான் தோல் வருகிறது, அவரை அடிக்கடி பார்ப்பாள்.

"அந்த பாய் எளச்சி போய்ட்டாரே. பேன்ட்ட பிடிச்சிக்கினு நடக்கறாரு. ஒடம்புக்கு இன்னாவாம்?" என்றாள்.

"டயட்ல இருப்பாரு. நீ சோத்த போடு."

"நீ ஒரு வார்த்தை சொல்லேன், டாக்டர்ட்ட போவச் சொல்லி."

"சஸ்பென்ஷன பத்தி உனக்கு இன்னாடி தெரியும்?" என்று கத்தினேன். அவள் சஸ்பென்ஷனைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அதைவிடப் பெரிய மடத்தனம் ஒன்று இருக்கிறது. ஸ்பிரிங் வேலை செய்தால், சொந்தக்காரரை அவர் சீட்டில் உட்காரவைத்துவிட்டு, சக்கரத்துக்கும் அதன் மேலே இருக்கிற வளைவுக்கும் நடுவில் எத்தனை இடைவெளி என்று டேப் வைத்து அளப்பது என் வழக்கம். அளவைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவைப்பேன். ஸ்பிரிங் நாளாக நாளாக உட்காரும், இடைவெளி குறையும். இந்த வண்டியில் அவர் உட்காருகிற பக்கம் ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர் கூடிக்கொண்டே வந்தது. வண்டி எழுந்துகொண்டிருந்தது. ஸ்பிரிங் தானாக எழுந்துகொள்ளாது என்று எனக்குத் தெரியும். இருபது வருஷமாகத் தெரியும். புதுக் கம்பியில் ஏதோ கோளாறு என்று சுற்றிக் கொடுத்தவனுக்கு போன் போட்டுத் திட்டினேன்.

பிப்ரவரி முதல் வாரம். இனி மிச்சமிருப்பது சீட்டு மட்டும்தான் என்று முடிவுக்கு வந்திருந்தேன். ஷூவின் உள்ளே வைக்கிற நல்ல ஃபோமில் புது மெத்தை தைத்து வைத்தாயிற்று. இடது பின்பக்க ஸ்பிரிங்கையும் இன்னொரு தடவை பிரித்துப் பார்த்துவிடலாம் என்று வண்டியை நான்கு ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரங்களைக் கழற்றி ஓரமாக அடுக்கியிருந்தேன். பட்டைகள் மேசை மேல் கிடந்தன. காலை பதினோரு மணிக்கு பாய் வந்தார். ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி, வண்டிக்குள் இறங்கி, புது மெத்தையில் உட்கார்ந்தார். நான் பெரிய பட்டையை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டு நின்றேன்.

"எப்படி பாய்?"

அவர் மெல்ல முதுகைச் சாய்த்தார். உதட்டைக் கடித்தார்.

"அதே எடம். இடது பின்னாடி இடிக்குது."

சாதாரணமாகத்தான் சொன்னார். நான்கு மாதமாகச் சொல்கிற வார்த்தை, வாய் பழகிப் போயிருந்தது. நானும் பழக்கத்தில் குனியப் போனேன். அப்புறம்தான் நின்றேன்.

"பாய்," என்றேன், "வண்டி நிக்குது."

அவர் மெத்தையில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"வண்டில சக்கரமே இல்ல. இடது பின்னாடி ஸ்பிரிங் என் கையில இருக்குது."

என் கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நெற்றி வேர்த்திருந்தது. எனக்கு முதலில் வந்தது கோபம்தான், ஏமாற்றப்பட்டவனின் கோபம். அடுத்த நிமிஷமே அது போய்விட்டது. திரும்பிச் சுவரைப் பார்த்தேன். சாக்பீஸ் எண்கள் வரிசையாக இருந்தன. வண்டி ஏன் எழுந்துகொண்டிருந்தது என்று இப்போது புரிந்தது. நான் அளந்துகொண்டிருந்தது அவர் இளைத்ததை. வாராவாரம் டேப் வைத்து அளந்து சுவரில் எழுதியிருக்கிறேன்.

"அப்ப ஃபோமுதான்," என்றார் பாய். "ஃபோம் கெட்டிப்பா. இன்னும் கொஞ்சம் மெத்துன்னு போட்டா சரியாய்டும்."

"ஃபோம் இல்ல பாய்."

"இன்னும் ஒரே வாரம் பாரு கௌதம். தோஸ்த் மாதிரி கேக்குறேன்."

என்னிடம் அவர் கெஞ்சி அதுவரை நான் பார்த்ததில்லை. வண்டி போய்விடும் என்று பயப்படவில்லை அவர். அந்தப் பயமெல்லாம் எப்போதோ தீர்ந்திருந்தது. வண்டியில் குறை இருக்கிற வரைக்கும் தன் உடம்பில் இல்லை. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது, அதைத்தான் நான் அவருக்கு வாரம் தவறாமல் கொடுத்துவந்தேன்.

முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒரு ஆட்டோவில் அவரை உட்காரவைத்து, நானும் கூடப் போய் வீட்டில் விட்டேன். அக்தரி பேகம் வாசலுக்கு வந்தார். பாய் உள்ளே போய்ப் படுத்த பிறகு விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் டாக்டர்ட்ட போலாம்னு தினம் சொன்னேன் தம்பி," என்றார். "தினம் ஒரே பதில்தான். வண்டிலதான் கோளாறுன்னு கௌதமே சொல்லிட்டான், அவன விட டாக்டருக்கு தெரியுமா இன்னா, அப்டீன்னுவாரு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நானும் வுட்டுட்டேன்."

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். குடும்பமே கூடப் போயிருந்தது. ரிசல்ட் வெள்ளிக்கிழமை என்று வீட்டில் சொல்லிவைத்துவிட்டு, வியாழக்கிழமை காலையிலேயே பாய் எனக்கு போன் செய்தார். ரிசல்ட் வாங்க வேலூர் போக வேண்டும், பச்சை வண்டியை எடுத்துக்கொண்டு டேனரி கேட்டுக்கு வா என்றார். அதற்குள் நான் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி வைத்திருந்தேன், தோல் துண்டு, ரப்பர் புஷ், ஷூ ஃபோம் எல்லாமே.

"அந்த வண்டி வேணாம் பாய், தாழ்வா இருக்குது, ஏறி இறங்க கஷ்டம். பெரிய கார்ல போலாமே."

"அதுல ஏறுனா டிரைவர் வருவான், பசங்க வருவாங்க. இதுல ரெண்டு சீட்டுதான். நீ ஓட்டு."

டாக்டர் சின்ன வயசுப் பெண். என்னை மகன் என்று நினைத்திருக்க வேண்டும், உட்காரச் சொன்னார். நுரையீரலில் ஆரம்பித்ததாம். முதுகெலும்பில் மூன்று இடத்துக்கு வந்திருந்தது, இடுப்பெலும்பில் இடது பக்கம் பெரியது. படத்தைத் திருப்பிக் காட்டினார். வெள்ளையாக இருந்த இடத்தை நான் பார்த்தேன். பாய் காட்டிய இடம்தான். ஒரு விரல்கூடத் தள்ளி இல்லை.

"எவ்ளோ நாளா வலி இருக்குதுங்க?"

"அக்டோபர்லேர்ந்து."

"அப்பவே வந்திருக்கலாமே. இவ்ளோ நாள் எதுக்கு வெயிட் பண்ணீங்க?"

"வண்டின்னு நெனச்சோம்மா," என்றார் பாய்.

டாக்டருக்கு அது புரியவில்லை. எனக்கு அந்த 'நெனச்சோம்' புரிந்தது. பாய் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, தப்பிக்க விடவும் இல்லை. ரேடியேஷன் கொடுக்கலாம், மாத்திரை கொடுக்கலாம், எல்லாம் வலியைக் குறைப்பதற்குத்தான், நோயை எடுப்பதற்கு இல்லை என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். அக்டோபரில் வந்திருந்தால் எடுத்திருக்க முடியுமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. எந்தப் பதில் வந்தாலும் என்னால் தாங்க முடியாது என்பதால் கேட்கவில்லை. ஃபைலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

வண்டியில் அவரை உட்காரவைக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். பள்ளிகொண்டாவைத் தாண்டினோம். ஃபைல் அவர் மடியில் இருந்தது. அந்த அட்டையைக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே வந்தார்.

மாதனூர் தாண்டி ஒரு பாலத்தில் ரோடு இறங்கியிருந்தது. கவனித்துவிட்டேன், ஆனால் பக்கத்தில் பஸ் வந்ததால் ஒதுங்க முடியவில்லை. வண்டி மெல்ல இறங்கி மெல்ல ஏறியது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அவர் கை கதவுப் பிடியில் வெளுத்துப் போனதை மட்டும் பார்த்தேன். கண்ணை இறுக மூடியிருந்தார். நான் காத்திருந்தேன். இடது பின்னாடி என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன்.

"இடிச்சுதா பாய்?"

"இல்லப்பா."

"இடிச்சிருக்கும். சொல்லுங்க பாய்."

"சூப்பரா போவுது கௌதம். நல்ல வேலை பண்ணியிருக்கே. ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்ல."

நான்கு மாதமாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உழைத்தேன். அதை அவர் வாயிலிருந்து கேட்டதும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ரோடு தெரியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் நேராகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆம்பூர் வந்ததும் என் கை பழக்கதோஷத்தில் ஒர்க்‌ஷாப் பக்கம் திரும்ப இண்டிகேட்டரைப் போட்டது.

"அங்க எதுக்கு?" என்றார். "வீட்டுக்கு போ. வண்டில ஒண்ணும் இல்ல."

இண்டிகேட்டரை அணைத்துவிட்டு நேராக ஓட்டினேன்.